ஒளித்து வைத்த இருமல்

அத்தியாயம் 11

விடிகிற நேரத்தில் அந்தமானின் சிப்பிகாட்டில் கடல் வீட்டுக் கொல்லைக்கே வந்து நிற்கும்.

ஒரு காலத்தில் நெல் விளைந்த நிலம் அது. சுனாமியன்று மண் கீழே இறங்கியதிலிருந்து, அலை ஏறினால் உப்புத் தண்ணீர் வரப்புகளைத் தாண்டி வரும். அலை இறங்கினால் வந்த சத்தமில்லாமல் திரும்பிப் போகும். தலை போன தென்னை மரங்கள் தண்ணீருக்குள் நின்றபடி தங்கள் நிழலைத் தாங்களே பார்த்துக்கொண்டிருக்கும். மேகம் மேலேயும் இருக்கும், கீழேயும் இருக்கும். எது நிஜ வானம் என்று கொக்குகளுக்கே குழப்பம் வந்துவிடும்.

அந்தத் தண்ணீரின் ஓரத்தில் உட்கார்ந்து ஜெயமணி இருமினாள்.

இருமுவதற்கென்றே அவள் இங்கே வருவாள். முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டு, நெஞ்சில் உள்ளதையெல்லாம் இருமித் தீர்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு, ஒன்றும் நடக்காதவள் போல வீட்டுக்குள் போவாள். கேட்டால், “பிளவுஸ் துணித் தூசி, வேற ஒண்ணுமில்ல” என்பாள். தையல்காரியின் வீட்டில் தூசிக்கா பஞ்சம்? யாரும் மேலே கேட்டதில்லை.

வீட்டுக்குள்ளிருந்து அந்தப் பாட்டு கேட்டது. மகள் ஸ்வேதாவின் போன் அலாரம்.

கூவலும் இல்லை, அழுகையும் இல்லை. அடித் தொண்டையில் மெல்லத் தொடங்கி, படிப்படியாக ஏறி, உச்சியில் போய் நடுங்கி, அங்கிருந்து துள்ளித் துள்ளி இறங்கும். கிப்பன் குரங்கின் காலைப் பாட்டு. ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடுமாம். அதைக் கேட்கும்போதெல்லாம் ஜெயமணிக்குக் காலடியில் தரை இல்லாதது போல இருக்கும். யாரோ கிளைக்குக் கிளை தூக்கிப் போட, விழாமல் போய்க்கொண்டே இருப்பது போல.

இந்தப் பாட்டு இந்த வீட்டுக்குள் வந்த கதை உங்களுக்குத் தெரியும். விலங்கியல் படித்துவிட்டு, சுற்றுலாப் படகு கவுண்டரில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த ஸ்வேதாவை, தாய்லாந்தில் ஒரு கிப்பன் காப்பகம் தொண்டு வேலைக்கு வரச் சொன்னது. குட்டியிலேயே தாயைக் கொன்று பிடித்துவந்து, கடற்கரையில் சங்கிலி போட்டு, வெள்ளைக்காரர்களோடு போட்டோ எடுக்க வைத்த குரங்குகளை மீட்டு, மறுபடியும் குரங்காக இருக்கக் கற்றுக்கொடுக்கும் இடம் அது. சம்பளம் கிடையாது. பழம் நறுக்கலாம், கூண்டு கழுவலாம். தொடக்கூடாது, கொஞ்சக்கூடாது, கண்ணோடு கண் பார்க்கவும் கூடாது. மனுஷர் மீது ஆசை வைத்த குரங்கு காட்டில் பிழைக்காதாம்.

“தொடவும் கூடாது, பேசவும் கூடாதுன்னா அங்க போய் என்னத்தப் பண்ணுவே?” என்று குதித்தார் அப்பா ஜம்புலிங்கம். “நம்ம கச்சால் தீவுல குரங்கு இல்லையா? தேங்காய் திருடித் திங்கிற குரங்கு! அதுக்குப் போய் சேவகம் பண்ணு. பாஸ்போர்ட்டும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்.”

குதித்தவரே போன வாரம் கடைத்தெருவுக்குப் போய்ச் சிவப்பு நிறத்தில் ஒரு சூட்கேஸ் வாங்கிவந்து, ஒன்றும் சொல்லாமல் மகள் கட்டிலருகே வைத்துவிட்டுப் போனார்.

மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று. மனுஷர் மூச்சில் இருக்கும் காசநோய் அந்தக் குரங்குகளுக்கும் ஒட்டிக்கொள்ளும். அதனால் வருகிறவர்களின் நெஞ்சு சுத்தமாக இருக்க வேண்டும். ஸ்வேதாவின் எக்ஸ்ரே, ரத்தம் இரண்டும் சுத்தம். அவள் அதோடு நிற்கவில்லை. “வீட்ல எல்லாரும் டெஸ்ட் எடுத்தாதான் நான் நிம்மதியாப் போவேன்” என்று நர்ஸ் வைஜெயந்தியிடம் சொல்லி, சளி எடுக்கும் டப்பாக்களை வாங்கி வைத்தாள். அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, தனக்கு ஒன்று.

அந்த டப்பாதான் ஜெயமணியைத் தூங்கவிடாமல் செய்தது.

மத்தியானமானால் அவளுக்கு உடம்பு லேசாகக் காய்கிறது. தையல் மெஷினில் உட்கார்ந்தால் ஊசியும் துணியும் தள்ளிப் போய், நீருக்கடியில் இருந்து பார்ப்பது போலத் தெரிகின்றன. இது தூசி இல்லை என்று அவளுக்குத் தெரியும். தன் சளியைக் கொடுத்தால் மகளின் பயணம் என்னவாகும் என்றும் தெரியும். ‘அவ போய்ச் சேரட்டும். மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போயிடறேன்’ என்று சாமியிடம் தவணை கேட்டுவிட்டு, அவள் ஒரு காரியம் செய்தாள்.

அண்ணன் பெரியதம்பி கச்சாலிலிருந்து வந்து வீட்டில் தங்கியிருந்தார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலை. கப்பலுக்காகக் காத்திருக்கும் விருந்தாளி. அவருக்கு டப்பா கிடையாது. பல் விளக்கிக்கொண்டிருந்தவரிடம் ஜெயமணி தன் டப்பாவை நீட்டினாள்.

“அண்ணே, நல்லா அடி நெஞ்சிலேருந்து இழுத்து இதில ஒரு தடவை துப்பு.”

“என்னத்துக்குத் தங்கச்சி?”

“புள்ளை பயணத்துக்கு. பேசாம துப்பு.”

“அம்மா போனதுக்கப்புறம் எனக்கு உத்தரவு போடுறவ நீ ஒருத்திதான்” என்று சிரித்துக்கொண்டே துப்பினார் பெரியதம்பி. அண்ணன் கருங்கல் மாதிரி ஆள். ஒரு தலைவலி என்று படுத்ததில்லை. கல்லுக்கு என்ன வந்துவிடப் போகிறது?

அண்ணன் சளி, ஜெயமணி பெயரில், மூடி இறுக்கி, போய்ச் சேர்ந்தது.

இன்றைக்குத்தான் பெரியதம்பிக்குக் கப்பல். கிழக்கு வெளுக்கும் முன்பே மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு, முதல் பஸ்ஸில் கப்பல் ஏறும் ஜெட்டிக்குக் கிளம்பிவிட்டார். கச்சாலில் மருமகளுக்குப் பெண் குழந்தை. தாத்தா இன்னும் முகம் பார்க்கவில்லை.

ஜெயமணி முகம் கழுவி எழுந்தபோது, வாசலில் ஸ்கூட்டி நிற்கும் சத்தம் கேட்டது.

*

“ஜெயமணி அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் வாங்களேன்.”

வைஜெயந்தி ஸ்கூட்டியை விட்டு இறங்கியும் வீட்டுக்குள் வரவில்லை.

“என்ன வைஜெயந்தி, அங்கயே நின்னுட்டே? உள்ள வா, சாயா போடறேன்.”

“சாயா அப்புறம் குடிக்கிறேன். அக்கா, பயப்படக் கூடாது. ரிசல்ட் வந்திருச்சு. ஜம்புலிங்கம் அண்ணனுக்கும் ஸ்வேதாவுக்கும் ஒண்ணுமில்ல. உங்க சளியிலதான் கிருமி இருக்கு. டிபி.”

ஜெயமணிக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. ‘என் சளியா? அது என்னுடையது இல்லையே’ என்று நாக்கு நுனி வரை வந்தது. வந்த இடத்திலேயே உறைந்து நின்றது.

என்னுடையது இல்லை. அப்படியென்றால்...

அண்ணன் சட்டைக் காலரும் கழுத்தும் கண்முன் வந்தன. கழுத்துக்கும் காலருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் போலிருந்தது. “என்ன அண்ணே இப்படி இளைச்சுட்டே?” என்று அவளே கேட்டாள். “கடவாய்ப் பல்லு போச்சு, கறி திங்க ஏலல” என்று அவரும் சொன்னார். சொன்னதை நம்பி அவள் மீன் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினாள்.

“க்யா போல்தி ஹை? என்ன சொல்றே?” என்று பின்னாலிருந்து இடி மாதிரி ஒரு குரல். ஜம்புலிங்கம். கப்பல் இஞ்சின் ரூமில் காலம் தள்ளிய மனிதருக்கு மெதுவாகப் பேச வராது. பதறினால் பாதிப் பேச்சு இந்தியாகிவிடும். “என் பொண்டாட்டிக்கா? இவளுக்கா? ரிப்போர்ட் மாறியிருக்கும், ஃபிர் சே தேகோ, திரும்பப் பாரு!”

“மிஷின்ல ரெண்டு தடவை போட்டுப் பார்த்தாச்சுண்ணே. பயப்பட ஒண்ணுமே இல்ல. மாத்திரை ஆறு மாசம். ஒரு நாள் விடாம சாப்பிட்டா ஓடிப் போயிடும். நாளைக்குக் காலையில சென்டருக்குக் கூட்டிட்டு வாங்க.”

கதவுக்குப் பின்னால் ஸ்வேதா நின்றிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டுவிட்டது. மகளின் முகத்தை ஜெயமணி பார்த்தாள். அந்த முகத்தில் கோபம் இல்லை, ஏமாற்றம் கூட இல்லை. அதுதான் தாங்கவில்லை.

“தூசி தூசின்னு சொன்னியேம்மா” என்று மட்டும் சொன்னாள் ஸ்வேதா. உள்ளே போய் ஒரு முகக்கவசம் எடுத்துவந்து அம்மாவின் காதுகளில் மாட்டிவிட்டாள். சின்ன வயதில் அம்மா அவளுக்குத் தோடு மாட்டுவாளே, அவ்வளவு பதமாக.

ஜம்புலிங்கம் தையல் மெஷினை அப்படியே தூக்கிப் போய் ஜன்னலோரம் வைத்தார். ஜன்னல் கதவுகளை அகலத் திறந்தார். திறந்துவிட்டு அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், மெஷின் சக்கரத்தைச் சும்மா சுற்றிக்கொண்டு நின்றார்.

“நீ முட்டை சாப்பிடணும். டெய்லி. நான் வேக வச்சுத் தர்றேன்.”

“உங்களுக்கு முட்டை வேக வைக்கத் தெரியுமாங்க?”

“பாய்லர் பார்த்தவனுக்கு முட்டை தெரியாதா?”

எல்லோரும் இப்படி அன்பாக இருந்தால் எப்படித்தான் உண்மையைச் சொல்வது? ஜெயமணி முகக்கவசத்துக்குள் மூச்சுவிட்டாள். காலையிலேயே உடம்பு காய ஆரம்பித்துவிட்டது. திறந்த ஜன்னல் வழியே தண்ணீரின் வெளிச்சம் வந்து கூரையில் நெளிந்தது. வீடு கட்டை அவிழ்த்துக்கொண்டு மெல்ல மிதந்து போவது போல இருந்தது அவளுக்கு.

“அப்பா, நான் காப்பகத்துக்கு இப்பவே சொல்லிடணும்.”

“என்னத்துக்குச் சொல்லணும்? உனக்குத்தான் ஒண்ணும் இல்லையே! அம்மாவ நான் பார்த்துக்கறேன். பேசாம ஃபிளைட் ஏறு.”

“குரங்கு மேய்க்கவா போறேன்னு குதிச்சது நீங்கதானே?”

“அது அப்போ. இப்ப சூட்கேஸ் வாங்கியாச்சு.”

ஸ்வேதா சிரிக்கவில்லை. “மனுசனால ஒரு தடவை செத்துப் பிழைச்சதுங்கப்பா அதுங்க. மறுபடியும் நான் போய்...” முடிக்காமல் போனை எடுத்தாள்.

*

போன் திரையில் கூன் விழாத ஒரு தாய்லாந்து அம்மாள். ஒட்ட வெட்டிய நரைமுடி. காப்பகத்தின் பொறுப்பாளர். ஸ்வேதா ஆங்கிலத்தில் பேசப் பேச, அந்த அம்மாள் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார்.

ஜெயமணி மகளுக்குப் பின்னால், தள்ளி உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை அந்த அம்மாள் மேல் இல்லை. அவர் தோளுக்குப் பின்னால் பச்சை வெளிச்சத்தில் ஒரு கம்பிவலை. அதற்குள் ஒரு கிப்பன். கறுத்த முகம், அதைச் சுற்றி வெள்ளைப் பூச்சரம் வைத்தது போல முடி. உடம்பே கைதானோ என்று தோன்றும்படி நீளக் கைகள். ஒரு கயிற்றை விட்டது. விட்ட கணத்துக்கும் அடுத்த கயிற்றைப் பிடித்த கணத்துக்கும் நடுவில் அது எதிலும் இல்லை. வெறும் காற்றில் இருந்தது. ஜெயமணி தன்னை அறியாமல் மூச்சை நிறுத்தி, அது பிடித்த பிறகுதான் விட்டாள்.

“என்ன சொல்றாங்க?” என்று கிசுகிசுத்தார் ஜம்புலிங்கம். அவர் கிசுகிசுப்பு பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

“என் இடம் அப்படியே இருக்குமாம்ப்பா. அம்மா மருந்து ஆரம்பிக்கட்டும், ரெண்டு மாசம் கழிச்சு நீ இன்னொரு தடவை டெஸ்ட் எடு, சுத்தம்னா வான்னு சொல்றாங்க. இதை மறைக்காம சொன்னதுக்கு தேங்க்ஸாம்.”

அந்த அம்மாள் மேலும் ஏதோ சொன்னார். குரல் தணிந்தது. ஸ்வேதா கேட்டுக்கேட்டு மெதுவாகத் தமிழில் சொன்னாள்.

“முன்னாடி ஒருத்தர் இருமலை மறைச்சுட்டு வந்தாராம். எங்க சொன்னா திருப்பி அனுப்பிடுவாங்களோன்னு பயம். ஒரு தாயும் குட்டியும் செத்துப் போச்சாம். காட்டுக்கு அனுப்ப நாள் குறிச்சு வச்சிருந்த குட்டி. அன்னிலேருந்து அங்க ஒரே சட்டம். நோய்னா காத்திருக்கலாம். மறைச்சா, அவங்களும் சரி, அவங்க வீட்டு ஆளுங்களும் சரி, அந்த வாசலை மறுபடி மிதிக்க முடியாது.”

ஜெயமணியின் கை புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டது.

அந்த அம்மாள் திரையில் குனிந்து நேராக அவளைப் பார்த்து இரண்டு வார்த்தை சொன்னார்.

“என்னவாம்?”

ஸ்வேதாவுக்குச் சொல்லக் கூச்சமாக இருந்தது. “உங்க பொண்ணு உண்மை பேசறவ. உங்ககிட்டதான் கத்துக்கிட்டிருப்பான்னு சொல்றாங்க.”

*

உச்சி வெயிலில் அலை இறங்கிவிட்டது. கொல்லையில் சேறு மட்டும் பளபளத்தது. ஸ்வேதா கூடத்தில் சூட்கேஸைத் திறந்து துணிகளைத் திரும்ப வெளியே எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். ஜெயமணி சமையலறையில் முட்டை வேகும் பாத்திரத்துக்கு முன்னால், அதைப் பார்க்காமல் நின்றிருந்தாள். போன் அடித்தது.

“தங்கச்சி! நான்தான். கப்பல் ஏற லைன்ல நிக்கிறேன். அடுத்து ஏறிருவேன்.”

அண்ணன் குரலுக்குப் பின்னால் ஜெட்டியின் இரைச்சல். ஒலிபெருக்கி இந்தியில் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தது. கோழிகள் வேறு.

“அண்ணே...”

“கொசுவலை வாங்கிட்டேன். ரோஸ் கலரு. புள்ளைய உள்ள போட்டா பூவுக்குள்ள படுத்த மாதிரி இருக்கும். ராத்திரியெல்லாம் அதே கனவு தங்கச்சி. கையில ஏந்திக்கிட்டே நடக்கிறேன், நடக்கிறேன், தோட்டம் முடியவே மாட்டேங்குது.” சொல்லிவிட்டுச் சற்றே இருமினார். அந்த இருமல் ஜெயமணிக்கு இப்போதுதான் கேட்டது. இத்தனை நாளாக வீட்டில் கேட்டதுதான். தன் இருமலை ஒளிப்பதிலேயே குறியாக இருந்தவளுக்கு அடுத்தவர் இருமல் எப்படிக் காதில் விழும்?

“அண்ணே, போகாத. அடுத்த கப்பல்ல போயேன்.”

“அடுத்த கப்பல் எப்போன்னு யாருக்குத் தெரியும்? என்னாச்சு உனக்கு?”

“எனக்கு டிபியாம். காலையிலதான் நர்ஸ் வந்து சொன்னா. எனக்குப் பயமா இருக்கு, வந்துடு.”



“அடிப் பைத்தியக்காரி. இப்ப அதுக்கெல்லாம் மாத்திரை இருக்கு. நம்ம தோட்டத்துல எத்தனை பேரு சாப்பிட்டு இன்னிக்குக் கல்லாட்டம் நடமாடுறான்! மச்சான் இருக்காரு, புள்ளை இருக்கு. நான் போய்ப் பேத்தியப் பார்த்துட்டு ஓடி வந்துடறேன். சரி சரி, தள்ளுறானுங்க, வைக்கிறேன்.”

“வைக்காத!”

அவள் போட்ட சத்தத்தில் கூடத்தில் துணி எடுத்துவைக்கும் சத்தம் நின்றது.

கப்பல் லிட்டில் அந்தமானைத் தாண்டினால் போனில் சிக்னல் போய்விடும். அப்புறம் கச்சால் ஜெட்டிதான். மகன் மூட்டையை வாங்கிக்கொள்வான். மருமகள் குழந்தையைக் கொண்டுவந்து நீட்டுவாள். அண்ணன் நெஞ்சோடு அணைத்து, அதன் முகத்துக்கு நேரே முகம் வைத்து...

சொன்னால், மகளுக்கு அந்த வாசல் அடைபட்டுப் போகும். விடிகாலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு எழுந்த பெண், இனி படகு டிக்கெட் கிழித்துக்கொண்டே கிழவியாவாள். சொல்லாவிட்டால்?

ஜெயமணிக்கு அந்தக் கயிறு ஞாபகம் வந்தது. விட்டாகிவிட்டது. இனி எதிலும் இல்லை.

“அண்ணே, அந்த டப்பாவில துப்பச் சொன்னேனே, அது என் டப்பா. என் பேரு எழுதினது. எனக்குத்தான் இருமல். புள்ளை பயணம் நின்னுடுமோன்னு உன்னைத் துப்ப வச்சேன். நர்ஸ் சொன்ன டிபி எனக்கு இல்ல. உனக்கு. கேக்குதா? உனக்குண்ணே. புள்ளையத் தொட்டுடாத.”

கப்பலின் ஊதல் மட்டும் நீளமாகக் கேட்டது. லைன் அறுந்தது.

திரும்பினாள். சமையலறை வாசலில் ஸ்வேதா நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டாள் என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லாத முகம்.

அடுப்பில் தண்ணீர் வற்றி, முட்டைகள் பாத்திரத்தில் டக் டக்கென்று இடித்துக்கொண்டன. ஸ்வேதா கையை நீட்டி அடுப்பை அணைத்தாள்.

“அப்பா, ஸ்கூட்டர் சாவி எங்க?”

*

வழி முழுக்க ஸ்வேதா ஸ்கூட்டரை விரட்டினாள். ஜெயமணி மகளின் இடுப்பைப் பிடிக்காமல், பின் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காய்ச்சல் ஏறியிருந்தது. ரோட்டின் இரண்டு பக்கமும் தேங்கிய நீர். அதில் வானம் வேகமாக ஓடியது. ஸ்கூட்டர் நிற்பது போலவும், தீவுதான் பின்னால் நழுவிப் போவது போலவும் இருந்தது. இப்படியே போய்க்கொண்டே இருந்தால் தேவலை என்று ஒரு நினைப்பு. ஊர் வராமல், ஜெட்டி வராமல், யார் முகத்தையும் பார்க்காமல்.

ஜெட்டி வந்தது.

கப்பல் கரையை விட்டு விலகியிருந்தது. அதற்கும் கரைக்கும் நடுவில் பச்சைத் தண்ணீர் அகலமாகிக்கொண்டே போனது. மேல்தளத்தில் நின்றவர்கள் கையாட்டினார்கள். எல்லோரும் அண்ணன் மாதிரியே தெரிந்தார்கள்.

“மாமா!” என்று ஸ்வேதா கத்தினாள். கப்பலைப் பார்த்து இல்லை.

ஜெட்டி கேட்டுக்கு வெளியே, வெகு தள்ளி, பாதாம் மரத்தடியில் பெரியதம்பி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் யாரும் இல்லை. ஆள் இல்லாத இடமாகத் தேடிப் போய் உட்கார்ந்திருக்கிறார். வாயையும் மூக்கையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருந்தார். மடியில் ரோஸ் நிற மூட்டை.

“கிட்ட வராதீங்க” என்று கையைக் காட்டினார். “அங்கயே நில்லு புள்ளை.”

“மாஸ்க் போட்டிருக்கேன் மாமா. வெளிக்காத்துதானே, ஒண்ணும் ஆகாது.” ஸ்வேதா கொஞ்சம் இடம் விட்டு மண்ணில் உட்கார்ந்தாள். ஜெயமணிக்கு உட்காரத் தைரியம் வரவில்லை.

“கப்பல்காரன் ஏறு ஏறுங்கிறான். கால் ஒண்ணு பலகையில, ஒண்ணு கரையில. ‘சாச்சா, ஜானா ஹை யா நஹி?’ போறியா இல்லையாங்கிறான்” என்றார் பெரியதம்பி, போகிற கப்பலைப் பார்த்தபடி. “நஹின்னு சொல்லிட்டேன். மகன்கிட்ட என்ன சொல்றதுன்னுதான் தெரியல.”

“அண்ணே...”

“உன்கிட்ட நான் பேசல.” குரல் உயரவில்லை. “உண்மையச் சொல்லிக் கேட்டிருந்தா நான் துப்பியிருக்க மாட்டேனா, மணி? என் பேர்லயே கொடுத்திருப்பேன். எனக்குத்தான்னு நேராத் தெரிஞ்சிருக்கும். ஒரு வாரமா உன் வீட்ல, இந்தப் புள்ளையோட ஒரே கூடத்துல படுத்துக் கிடந்திருக்கேன். கல்லு கல்லுன்னு சொல்லியே என்னைக் கவுத்துட்டே.”

ஜெயமணி மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அழுகை வரவில்லை, இருமல்தான் வந்தது. அண்ணனும் துண்டுக்குள் இருமினார். அங்கே ஒன்று, இங்கே ஒன்று. மாறி மாறி.

“நல்லா இருக்கு” என்றார் பெரியதம்பி, இருமி முடித்து. “கச்சேரி வைக்கலாம்.”

ஸ்வேதாவுக்குச் சட்டென்று ஒரு சிரிப்பு வெடித்தது. வெடித்த வேகத்தில் அழுகையாக மாறியது. முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள். தாய்லாந்துக்கு அழைப்புப் போட்டாள். மணி அடிக்கும்போதே அம்மாவின் கையில் கொடுத்தாள். உண்மை தெரிந்ததிலிருந்து அவள் அம்மாவிடம் பேசிய முதல் பேச்சு அது.

“நீயே சொல்லு.”

“எனக்கு இங்கிலீஷ் ஏலாதேடி.”

“தெரிஞ்ச வரைக்கும் சொல்லு. நான் சொன்னா அது என் பேச்சாயிடும்.”

“சொன்னா உன் இடம் போயிடும் ஸ்வேதா!”

“தெரியும்மா. அந்தக் குட்டி செத்த கதையை நான்தானே உனக்குச் சொன்னேன்.”

திரையில் அந்த அம்மாள் தோன்றினார். மரத்தடி, கடல், முகம் மூடிய ஒரு பெண் எல்லாவற்றையும் பார்த்துப் புருவம் உயர்த்தினார்.

“மேடம்,” என்றாள் ஜெயமணி. “ஐ... மை டப்பா... நோ. பிரதர். பிரதர் கிவ். மை நேம்.” கையால் டப்பா மாதிரி காட்டினாள். துப்புவது போலவும் காட்டினாள். “டாட்டர் நோ. டாட்டர் நாட் நோயிங். ஒன்லி மீ.”

அந்த அம்மாளுக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது. ஸ்வேதாவைக் கண்களால் தேடினார். ஸ்வேதா மறுப்பாகத் தலையை அசைத்து, கடலைப் பார்த்துக்கொண்டாள். அந்த அம்மாள் கொஞ்ச நேரம் தாயையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இருங்கள் என்று கையைக் காட்டிவிட்டு எழுந்து போனார்.

திரையில் காலி நாற்காலி. அதற்குப் பின்னால் மரங்களில் மெல்லிய மழை.

“வச்சிட்டாங்களா?” என்றார் பெரியதம்பி.

“இல்ல மாமா. லைன்ல இருக்காங்க.”

கப்பல் இதற்குள் சின்னதாகிவிட்டது. வெள்ளை நிறத்தில், யாரோ தண்ணீரில் வைத்து மறந்துபோன ஒரு பொருள் மாதிரி.

நாற்காலி அசைந்தது. வந்து உட்கார்ந்தது அந்த அம்மாள் இல்லை. கறுத்த, தடித்த ஒரு மனிதர். மருத்துவர் உடுப்பு, நெற்றியில் கீற்றாகத் திருநீறு. கண்ணாடியைக் கழற்றி மழைத் துளிகளைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“வணக்கம்மா. நான் இங்கே குரங்குகளுக்கு டாக்டர். மலேசியாவுல ஈப்போக்காரன். தமிழ்தான்மா, தைரியமாப் பேசலாம்” என்றார். “முதல்லேருந்து சொல்லுங்க. ஒண்ணும் விடாம.”

ஜெயமணி மகளைப் பார்த்தாள். ஸ்வேதா கடலிலிருந்து முகத்தைத் திருப்பியிருந்தாள். போன் பிடித்திருந்த அம்மாவின் கைக்குக் கீழே தன் கையைத் தாங்கலாகக் கொடுத்தாள். போனுக்கா, அம்மாவுக்கா என்று தெரியவில்லை.

“அந்த டப்பாவில இருந்தது என் சளி இல்லைங்க, ஐயா” என்று ஜெயமணி தொடங்கினாள்.